பேனாவை எழுப்பிய பேய்கள்

எழுதுவதை நிறுத்திவிட்ட எழுத்தாளர்களை மறுபடியும் மேஜைக்கு இழுத்து வந்தது பல சமயங்களில் மகத்தான காவியங்கள் அல்ல. செத்தவர்கள் பேசும் விசித்திரக் கதைகள்.

மெக்ஸிகோ நகரம், 1961. லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் ஏழு மாடிகளை மூச்சிரைக்க ஏறி வந்தார் கொலம்பியக் கவிஞர் ஆல்வரோ மூட்டிஸ். கையில் ஒரு கட்டுப் புத்தகங்கள். மேலே அந்தச் சிறிய வீட்டில் இருந்தவர் அவருடைய நண்பர். வயது 34. தரையில் ஒரு மெத்தை, குழந்தைக்கு ஒரு தொட்டில், சாப்பிடவும் எழுதவும் ஒரே மேஜை, இரண்டு நாற்காலிகள். இவ்வளவுதான் வீட்டுச் சாமான். நியூயார்க்கில் பார்த்துவந்த செய்தி நிறுவன வேலையை விட்டுவிட்டு, மனைவியோடும் இரண்டு வயதுகூட நிரம்பாத மகனோடும் பஸ்ஸிலேயே அமெரிக்காவின் தென்பகுதியைக் கடந்து வந்தவர் அந்த நண்பர். கட்டிலிருந்து மிகச் சிறிய புத்தகத்தை உருவி அவர் கையில் திணித்தார் மூட்டிஸ். இதைப் படித்தாவது எழுதக் கற்றுக்கொள் என்று செல்லமாகத் திட்டவும் செய்தார்.

அந்த நண்பர் கேப்ரியல் கார்ஸியா மார்க்வெஸ். புத்தகம், மெக்ஸிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோ 1955இல் வெளியிட்ட 'பெத்ரோ பாராமோ'. ஒரு முறை படித்து முடித்து, மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய், இரண்டாவது தடவையும் முடித்த பிறகுதான் அன்றிரவு தன்னால் தூங்க முடிந்தது என்று மார்க்வெஸ் பிற்பாடு எழுதினார். மறுநாள் ருல்ஃபோவின் சிறுகதைத் தொகுதியைத் தேடிப் பிடித்துப் படித்தார். அந்த வருடம் முழுக்க வேறு யாரையும் படிக்க முடியவில்லையாம். மற்றவர்கள் எல்லோரும் மட்டமாகத் தெரிந்தார்களாம். கொஞ்ச காலத்தில் முழுப் புத்தகமும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் புத்தகத்தில்? சாகக்கிடக்கும் தாய்க்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற, முகம் தெரியாத அப்பனைத் தேடிக் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான் ஒரு மகன். வழியில் கழுதைக்காரன் ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். ஊரில் ஒரு பெண் தங்க இடம் கொடுக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிகிறது: கழுதைக்காரன் செத்து வெகுநாள் ஆகிறது, இடம் கொடுத்தவளும் உயிரோடு இல்லை, ஊர் முழுக்க முணுமுணுப்பது செத்தவர்களின் குரல்கள். நாவலின் பாதியில் கதை சொல்லிக்கொண்டிருந்த மகனும் செத்துப்போகிறான். ஆனால் கதை நிற்பதில்லை. குழிக்குள் பக்கத்தில் கிடப்பவளிடம் பேச்சு தொடர்கிறது. இது கனவா, பைத்தியமா, பேயா என்று ஆசிரியர் எந்த இடத்திலும் விளக்குவதில்லை. அதிர்ச்சியூட்டும் முயற்சியும் இல்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லும் அதே குரலில் செத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்.

எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் மார்க்வெஸ் திண்டாடவில்லை. சொல்லப்போனால் விஷயம் மூட்டை மூட்டையாக இருந்தது. அரகாடகா என்ற சிற்றூரில் பாட்டி வீட்டில் வளர்ந்த பையன் அவர். அந்த வீட்டில் செத்த உறவினர்கள் உயிரோடு இருப்பவர்களைப் போலவே நடமாடினார்கள், பாட்டியின் பேச்சில். ஆனால் 1955இல் முதல் நாவல் வெளிவந்த பின்பு இடதுசாரி நண்பர்கள் அவரைக் குடைந்தார்கள். நாட்டில் லட்சக்கணக்கானோர் அரசியல் வன்முறையில் மடிகிறபோது இவர் பழங்கதை எழுதலாமா என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய கேள்வி உறுத்தவே, இறுக்கமான, நேரடியான யதார்த்த நடைக்கு அவர் மாறினார். அந்த நடையில் நல்ல புத்தகங்களும் வந்தன. 'கர்னலுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை' அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு முட்டுச் சந்து. எழுத வேண்டிய நாவல்கள் இன்னும் பல மனதில் இருந்தும், நம்பும்படியாகவும் கவித்துவமாகவும் அவற்றை எழுதும் வழி தென்படவில்லை என்பதே அவர் பின்னாளில் சொன்ன காரணம். வழியைக் காட்டியது செத்தவர்களின் ஊர்.

இப்படி நடந்தது அவருக்கு முதல் தடவையும் அல்ல. 1947இல் பொகோட்டாவில் சட்ட மாணவராக இருந்தபோது விடுதி நண்பர் ஒருவர் கொடுத்த காஃப்காவின் 'உருமாற்ற'த்தைத் திறந்தார். ஒருவன் காலையில் பூச்சியாகக் கண்விழிக்கிறான். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று கவலைப்படுகிறான். இப்படியெல்லாம்கூட எழுதலாமா, இது தெரிந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேனே என்று தோன்றியதாக மார்க்வெஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நினைவுக்கு வந்தது பாட்டியின் குரல். இதே முகபாவத்தோடுதானே அவளும் நடக்காத காரியங்களைச் சொன்னாள்! உடனே எழுத உட்கார்ந்தார். அந்தக் கதை 1947 செப்டம்பர் 13 அன்று 'எல் எஸ்பெக்டடார்' நாளிதழில் வெளியானது. பிரசுரமான அவருடைய முதல் சிறுகதை அது. அதிலும் வருகிறவன் சவப்பெட்டிக்குள் கிடப்பவன்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு குறுக்கீடு. மார்க்வெஸ் படித்தது ஜெர்மன் மூலம் அல்ல. 1938இல் பியூனஸ் அயர்ஸின் லொஸாடா பதிப்பகம் வெளியிட்ட ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. அட்டையில் இருந்தது போர்ஹேயின் பெயர். ஆனால் அந்தத் தலைப்புக் கதையைத் தான் மொழிபெயர்க்கவில்லை என்று போர்ஹே பிற்பாடு சொல்லிவிட்டார். லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய நாவலாசிரியருக்குப் பொறி வைத்தவர் பெயரில்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஜாதிக்கு இது பழக்கமான மரியாதைதான்.

விசித்திரக் கதை என்றால் வெறும் பேய்க்கதை என்று நினைத்துவிடக் கூடாது. பேய்க்கதையில் பேய் எதற்காக வந்தது என்று கடைசியில் தெரிந்துவிடும். அநியாயமாகக் கொல்லப்பட்டவள் பழி வாங்க வந்திருப்பாள். பழி தீர்ந்தால் கதை தீர்ந்தது. விசித்திரக் கதையில் இந்தக் கணக்கு இல்லை. நமக்குத் தெரிந்த உலகத்தின் சட்டம் ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. விரிசல் மூடுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுக் காகிதப் பத்திரிகை 1923இல் தொடங்கியபோது இந்தச் சரக்குக்கு ஒரு பெயரே கிடைத்தது. ஆனால் பெயர் இல்லாமல் இது எங்கும் இருந்தது. வங்காளத்தில் தாகூரின் 'பசித்த கற்கள்' இந்த வகைதான்: பாழடைந்த அரண்மனையின் கல்லுக்குள் இருக்கும் பழைய ஆசைகள், வரி வசூலிக்க வந்த அரசு ஊழியரை இரவுதோறும் விழுங்கப் பார்க்கின்றன. விளக்கம் வரப்போகும் நேரத்தில் ரயில் வந்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் வேதாளம். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் 'கதாசரித்சாகர'த்தில் சேர்த்துக்கொண்ட அந்தக் கதைக்கொத்தில் நாம் அவ்வளவாக யோசிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. பிணத்தைச் சுமந்து போகும் மன்னன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பிணம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். அதனால் அவனுடைய மௌனத்தைக் கலைக்க வேதாளம் ஒரு விசித்திரக் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்துவிட்ட ஒருவனை விசித்திரக் கதையால் பேச வைத்துவிட முடியும் என்பதை நம் ஆட்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையின் பிரபல எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் வாழ்க்கை இதற்கு ஏறக்குறைய ஆய்வுக்கூடப் பரிசோதனை மாதிரி. அவரைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரியக் காரணம் பூனாவில் 1958இல் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்ட எஸ்.டி. ஜோஷி. லவ்கிராஃப்டின் மூலப் பிரதிகளைத் திருத்தமாகப் பதிப்பித்ததோடு, 1996இல் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர்.

1908இல், 18 வயதில், நரம்புத் தளர்ச்சியால் பள்ளிப் படிப்பை முடிக்காமலே நின்றுவிட்டார் லவ்கிராஃப்ட். அதுவரை எழுதியிருந்த கதைகளில் பெரும்பாலானவற்றை அழித்தார். அடுத்த ஒன்பது வருடங்கள் ஒரு கதைகூட எழுதவில்லை. வான சாஸ்திரக் கட்டுரைகள், 18ஆம் நூற்றாண்டு பாணியில் செய்யுள்கள் என்று காலம் போயிற்று. தப்பிப் பிழைத்திருந்த ஒரு பழைய கதையைப் படித்த சிற்றிதழ் நண்பர் டபிள்யூ. பால் குக் விடாமல் நச்சரித்ததால் 1917இல் மறுபடியும் ஆரம்பித்தார்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1924இல் திருமணமாகி நியூயார்க் போனார். அந்த நகரம் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்த அன்னியர்களைப் பார்த்து அவர் கக்கிய இனவெறுப்பு இன்று படித்தாலும் கூசுகிறது. அவருடைய கதைகளை ரசிக்கிறவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. வேலை கிடைக்கவில்லை. கதையும் அபூர்வமாகவே வந்தது. அந்தச் சமயத்தில் அதே குக், தன் பத்திரிகைக்காக அமானுஷ்ய இலக்கியத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார். 1925 கடைசியில் லவ்கிராஃப்ட் வேலையைத் தொடங்கினார். நூலகங்களில் உட்கார்ந்து போ, ஆர்தர் மேக்கன், ஆல்ஜெர்னன் பிளாக்வுட், எம்.ஆர். ஜேம்ஸ், டன்ஸனி என்று வரிசையாகப் படித்தார். ஏற்கனவே படித்ததையும் மறுபடி படித்தார். 1926 ஏப்ரலில் சொந்த ஊரான பிராவிடன்ஸுக்குத் திரும்பினார். அந்தக் கோடையில் 'கதுல்ஹுவின் அழைப்பு'. அதிலிருந்து அடுத்த வசந்தத்துக்குள் இரண்டு குறுநாவல்களும் பல கதைகளும், அவற்றில் ஒன்று அவருடைய ஆகச் சிறந்த கதைகளில் சேரும் 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்'. வாழ்நாளில் அதற்கு முன்போ பின்போ அவர் அந்த வேகத்தில் எழுதியதில்லை. ஊர் திரும்பிய சந்தோஷமும் அதில் பாதிக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் கொல்லைக் கிணறு ஊறுவதற்கு முன்பு அந்தப் பல மாத வாசிப்பு என்ற மழை பெய்திருந்தது.

வைத்தியம் பலித்தது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 1931இல் தன் நீண்ட கதை ஒன்றை 'வியர்ட் டேல்ஸ்' நிராகரித்ததும் மனம் உடைந்து போனவர், 1933இல் எழுத்து அடைத்துக்கொண்டபோது, விசித்திரக் கதைகளின் முன்னோடிப் படைப்புகளை மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டார். இம்முறை கையில் நோட்டுடன். எந்தக் கதையில் எது திகிலூட்டுகிறது, எந்தக் கரு எத்தனை விதமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். விசித்திரக் கதை எழுதுவது எப்படி என்று அவர் எழுதிய சிறு கட்டுரை அந்த மறுவாசிப்பின் உபரி விளைச்சல். ஆனால் 1926இல் பெய்த மழை இம்முறை தூறலோடு சரி. 1937இல் 46 வயதில் இறக்கும்வரை ஓரிரு பெரிய கதைகள்தான் வந்தன. மருந்து இருக்கிறது என்பதற்காக எல்லாத் தடவையும் ஜுரம் இறங்கிவிடுமா?

எல்லோருக்கும் பலிக்கும் என்பதும் இல்லை. இதற்கு அத்தாட்சி 1816ஆம் ஆண்டுக் கோடை. முந்தைய வருடம் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் கோடையே காணாமல் போயிருந்தது. ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்தது ஒரு கூட்டம்: கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, பைரனின் இளம் டாக்டர் பாலிடோரி, ஷெல்லியோடு வந்திருந்த 18 வயது மேரி, அவளுடைய மாற்றாந்தாய் மகள் கிளேர். பொழுது போக்கக் கிடைத்தது ஒரு பேய்க்கதைத் தொகுதி. ஜெர்மன் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1812இல் பாரிஸில் வெளியிட்டிருந்தார்கள். அதிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் கிடையாது (அவர் எய்ரியெஸ் என்ற பூகோள ஆராய்ச்சியாளர் என்பது பிறகு தெரியவந்த விஷயம்). படித்துக்கொண்டிருந்த பைரன் சொன்னார்: ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்.

பைரன் சில பக்கங்கள் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டார். ஷெல்லிக்கும் சீக்கிரமே அலுத்துவிட்டது. ஐரோப்பாவே கொண்டாடிய மேதைகளில் ஒருவருக்கும் இந்த வாசிப்பு உதவவில்லை. மேரியின் நிலைமைதான் பரிதாபம். கதை யோசித்தாயிற்றா என்று தினமும் காலையில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லவே வெட்கமாக இருந்ததாக 1831ஆம் வருடப் பதிப்பின் முன்னுரையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்பா அம்மா இருவரும் பிரபல எழுத்தாளர்கள், கணவனாகப் போகிறவர் கவிஞர். எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமே அவரை ஊமையாக்கியிருக்கும்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்துபோயிருந்தது. செத்த குழந்தையை அடுப்புக்கருகில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க அது உயிர் பெற்றதாகக் கனவு கண்டதை 1815 மார்ச்சில் டைரியில் எழுதியிருக்கிறார். டைரியில் அது இரண்டு மூன்று வரிதான். அக்காலத்து நாகரிக நாவல் எதிலும் அந்தக் கனவுக்கு இடம் இருந்திருக்காது. பேய்க்கதையில் இருந்தது. செத்த உடலுக்கு உயிர் கொடுத்துவிட்டு அதைப் பார்க்கச் சகிக்காமல் ஓடும் ஒரு மாணவனின் கதையாக அது 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல், 500 பிரதிகள் மட்டும் அச்சாகி வெளிவந்தது. 'ஃபிராங்கன்ஸ்டைன்'. டாக்டர் பாலிடோரியும் சும்மா இருக்கவில்லை. பைரன் தூக்கிப் போட்ட பக்கங்களிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய ரத்தக் காட்டேரிக் கதை 1819இல் பிரசுரமானது, பைரனின் பெயரில்!

மேரி ஷெல்லியின் நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் புதுமைப்பித்தன். 'பிரேத மனிதன்' என்ற பெயர் அவர் வைத்தது. பத்திரிகை ஆபீஸில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து வயிறு வளர்த்த அந்த மனிதர்தான் 'காஞ்சனை'யையும் எழுதினார். தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடும் ஒருத்தி, அவள் யார் என்பதற்குக் கடைசிவரை விடை இல்லை. பேய் பிசாசு உண்டா இல்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் பிடி கொடுத்ததாகத் தெரியவில்லை.

செய்தி மொழிபெயர்ப்பு செய்கிறவர்களுக்கு இந்த 'ஏன்' என்ற கேள்வி தொழில் வியாதி. ஏஜென்சி செய்தியின் இரண்டாவது பாராவில் காரணம் வந்துவிட வேண்டும். பஸ் கவிழ்ந்தது, காரணம் டிரைவரின் தூக்கக் கலக்கம். மந்திரி விலகினார், காரணம் உட்கட்சிப் பூசல். காரணம் இல்லாத வாக்கியம் அரைகுறை வாக்கியம். பதினைந்து வருடம் இதைச் செய்தால், சொந்தமாக ஒரு கதை எழுத உட்காரும்போதும் இரண்டாவது பாராவில் பேனா காரணம் தேடும். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு சிறுபத்திரிகைகளில் நான்கைந்து கதைகள் எழுதியவன் நான். பிறகு நின்றுவிட்டது. யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு ஓர் அத்தை இருந்தார். மாமா இறந்த பிறகும் தினமும் காலையில் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி ஆற்றித் திண்ணையில் வைப்பார். அரை மணி கழித்து டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பார். காப்பி என்ன ஆயிற்று என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. பூனை குடித்திருக்கலாம். அத்தையே குடித்திருக்கலாம். இதைப் பல தடவை கதையாக்கப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காரணம் வந்து கெடுக்கும். ஒரு முறை அது விதவையின் துயரத்தைப் பற்றிய கதையாயிற்று. இன்னொரு முறை மூட நம்பிக்கைக்கு எதிரான கதை. இரண்டிலும் அத்தை இல்லை. தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரும்போது 'பெத்ரோ பாராமோ'வை ஆங்கிலத்தில் படித்தேன். நாக்பூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியில் வேறு புத்தகமும் இல்லாததால் மறுபடியும் படித்தேன். வீட்டுக்கு வந்து நான்கு பக்கம் எழுதினேன். அதில் மாமா காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார், சர்க்கரை போதவில்லை என்கிறார். அவ்வளவுதான். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அனுப்புவதற்குள் அடுத்த கதையை ஆரம்பித்திருந்தேன்.

நல்ல யதார்த்த நாவல் ஒன்றைப் படித்து முடித்தால், ஒரு தேர்ந்த எழுத்தாளருக்குப் பாராட்டும் பொறாமையும் வரும். இவ்வளவு நன்றாக நம்மால் எழுத முடியாது என்று புத்தகத்தை மூடிவிடவும் கூடும். விசித்திரக் கதை வேறு மாதிரி வேலை செய்கிறது. எழுத்தில் இது கூடாது, இது எடுபடாது, இதற்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்று நாமே கட்டிவைத்திருக்கும் வேலியில் ஓரிடத்தில் கம்பியை அறுத்துவிடுகிறது. அப்புறம் யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே கட்டிக் கிடந்த மாடு தானாக வெளியே போகும்.

போன மாடு அடுத்தவர் வயலில் மேய்வதும் உண்டு. லவ்கிராஃப்ட் 1919இல் அயர்லாந்துப் பிரபு டன்ஸனியைப் படித்துவிட்டு ஒன்றிரண்டு வருடங்களுக்கு டன்ஸனி மாதிரியே எழுதித் தள்ளினார். என் கதைகளில் போ இருக்கிறார், டன்ஸனி இருக்கிறார், லவ்கிராஃப்ட் எங்கே என்று 1929இல் ஒரு கடிதத்தில் அவரே அங்கலாய்த்தார். மார்க்வெஸ் 1982இல் நோபல் பரிசு பெற்ற பிறகு உலகம் முழுக்க அழகிகள் வானத்தில் பறந்தார்கள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. 1990களில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளிலும் மாந்திரீக யதார்த்தம் காய்ச்சலாக அடித்தது நினைவிருக்கலாம். நம்மூர் முனி இருக்கையில் கொலம்பியாவிலிருந்து தேவதையை வரவழைத்தவர்கள் பலர். மார்க்வெஸ் ருல்ஃபோவிடமிருந்து கோமாலாவை எடுத்துக்கொள்ளவில்லை. தன் பாட்டியின் வீட்டுக்குத் திரும்பிப் போகும் தைரியத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்கும் நான்கு வருடம் பிடித்தது. படித்த மறுநாளே நாவல் வந்துவிட்டது என்று கதை கட்டுகிறவர்கள் இந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறார்கள். 1961க்கும் 1965க்கும் நடுவில் மார்க்வெஸ் எழுதிய கதைகள் மிகக் குறைவு. மகளிர் பத்திரிகை ஒன்றையும் குற்றச் செய்திப் பத்திரிகை ஒன்றையும் கவனித்துக்கொண்டார். விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்தார். சினிமாவுக்கு வசனம் எழுதினார். அப்படி எழுதிய படங்களில் ஒன்று, ருல்ஃபோவின் கதையை வைத்து கார்லோஸ் ஃபுவென்டெஸுடன் சேர்ந்து அவர் திரைக்கதை எழுதிய 'தங்கச் சேவல்' (1964). 1965இல் அகாபுல்கோ கடற்கரைக்குக் காரில் குடும்பத்தோடு போகும் வழியில் நாவலின் தொனி பிடிபட்டது. பாட்டி சொன்ன மாதிரியே, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் சுமார் ஒன்றரை வருடம் அறையை விட்டு எழவில்லை. குடும்பத்தை நடத்தியது மனைவி மெர்ஸிடஸ். வீட்டுச் சாமான்கள் அடகுக் கடைக்குப் போயின. பிரதியைப் பியூனஸ் அயர்ஸுக்கு அனுப்பத் தபால் நிலையம் போனால், பாதிக் கட்டை அனுப்பத்தான் காசு இருந்தது. மீதிப் பாதி பிறகு போயிற்று. 1967இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வெளிவந்தது.

ருல்ஃபோ என்ன ஆனார்? ஆறு வயதில் தகப்பன் கொலையுண்டு, பத்து வயதில் தாயையும் இழந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்தவர் அவர். டயர் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். 1953இல் சிறுகதைத் தொகுதி, 1955இல் 'பெத்ரோ பாராமோ'. இரண்டும் சேர்ந்து சுமார் 300 பக்கம். அதற்குப் பிறகு அவர் புதிய நாவல் எதையும் வெளியிடவில்லை. 'தங்கச் சேவல்' குறுநாவல்கூட 1950களில் எழுதப்பட்டு 1980இல்தான் புத்தகமானது. பழங்குடியினருக்கான அரசு நிறுவனம் ஒன்றில் மானுடவியல் நூல்களைப் பதிப்பிக்கும் உத்தியோகத்தில் பல வருடங்கள் இருந்தார். மார்க்வெஸுக்கு வழி காட்டிய புத்தகத்தை எழுதியவருக்கு அப்படி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்க ஏழு மாடி ஏறியவர் யாரும் இல்லை போலிருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு ருல்ஃபோ ஒரே பதில் வைத்திருந்தார்: கதைகளையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த செலரீனோ மாமா செத்துப்போய்விட்டார். 1986 ஜனவரியில், 68 வயதில், ருல்ஃபோவும் இறந்தார்.